பெங்களூருவில் பிஆர் ஏஜென்சி வேலை, ஆனால் போன் என்றாலே பயம்: சேரலாமா?

மலைக்கோட்டை_பெண்:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் பிஏ ஆங்கில இலக்கியம் இந்த வருடம்தான் முடித்தேன். இரண்டு மாதமாக அல்சூரில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடுகிறேன். கன்டென்ட் ரைட்டர் என்று எங்கே போட்டிருந்தாலும் விண்ணப்பித்துப் பார்த்ததில் கடைசியாக இந்திராநகரில் ஒரு சின்ன பிஆர், அதாவது மக்கள் தொடர்பு, ஏஜென்சியில் கூப்பிட்டார்கள். மொத்தமே பதினான்கு பேர், கிளையன்ட்டுகள் பெரும்பாலும் ஸ்டார்ட்அப்கள். ஆறு மாதம் டிரெய்னி, அப்புறம் அக்கவுன்ட் எக்ஸிக்யூட்டிவ், கைக்கு 22 ஆயிரம் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால் இது என்ன வேலை என்பதே எனக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. இன்டர்வியூவில் ஒரு பிரஸ் நோட் எழுதச் சொன்னார்கள், எழுதினேன், நன்றாக இருக்கிறது என்றார்கள். "தினமும் பத்து இருபது ஜர்னலிஸ்ட்டுகளுக்கு போன் போட வேண்டியிருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டதற்கு பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பச்சைப் பொய். டெலிவரி அண்ணன் கூப்பிட்டாலே போனை சித்தியிடம் நீட்டுகிற ஆள் நான்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அப்பாவுக்கு பிஆர்ஓ என்றால் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கவுன்ட்டர் பக்கத்தில் டை கட்டிக்கொண்டு நிற்பவர். மாமாவுக்கு சினிமா பிஆர்ஓ, போட்டோ எடுத்துத் தருவாயா என்று கேட்கிறார். சித்தப்பா ஒரு படி மேலே போய், "கவரேஜ் வேண்டுமென்றால் பத்திரிகைக்காரர்களுக்குக் காசு போட்டு கவர் கொடுக்கணும், அந்தக் கவரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கா இலக்கியம் படித்தாய்?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது.

இதில் சேரலாமா, இல்லை கொஞ்சம் பொறுத்து பெரிய கம்பெனிக்குள்ளேயே இருக்கும் கம்யூனிகேஷன் டீமில் முயற்சி செய்யலாமா, அதுவும் இல்லை முதலில் ஒரு டிப்ளமோ படித்துவிடலாமா? கன்னடம் சுத்தமாகத் தெரியாது, அதுவும் ஒரு தடையா? இந்த வேலையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கிளிப்பிங்_அக்கா:

பதினோரு வருடமாக இதே ஊரில் இதே வேலை, மூன்றாவது ஏஜென்சி. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுப் பஞ்சாயத்தை முடித்துவிடுவோம். மாமா சொல்கிற சினிமா பிஆர்ஓ நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை, பெரியப்பா முறை. தமிழ் சினிமாவில் அந்தப் பெயரோடு முதலில் வேலை பார்த்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன், 1958இல் வந்த நாடோடி மன்னனுக்கு. இந்தியாவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சங்கமான பிஆர்எஸ்ஐ தொடங்கியதும் அதே 1958தான். ஆனந்தன் எந்தப் படத்துக்கு எவ்வளவு விளம்பரம் வாங்கிக் கொடுத்தார் என்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை. எந்தப் படம் எப்போது வந்தது, யார் யார் வேலை பார்த்தார்கள் என்று அவர் சேர்த்து வைத்த தகவல்களுக்காகத்தான் பெயர் நிற்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும். அப்பாவிடம், கலெக்டர் ஆபீஸில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பாரே, அவர் அரசாங்கத்துக்குச் செய்வதை நான் கம்பெனிகளுக்குச் செய்யப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கவர் விஷயத்துக்கு இங்கே நாலாம்_பக்கம் என்று ஒரு பத்திரிகைக்காரர் சுற்றிக்கொண்டிருப்பார், அவரே வந்து பதில் சொல்லட்டும்.

வேலை என்னவென்றால், ஆபீஸ் பத்து மணிக்கு என்று சொன்னாலும் உங்களுக்கு எட்டு மணிக்கே தொடங்கிவிடும். கிளையன்ட் எழுந்து போனைப் பார்ப்பதற்குள், அவர்களைப் பற்றியும் அவர்களுடைய போட்டியாளர்களைப் பற்றியும் இன்று எங்கெங்கே என்ன வந்திருக்கிறது என்று ஒரு மெயில் போயாக வேண்டும். டிராக்கர் என்போம். டிரெய்னி தலையில் முதலில் விழுவது அதுதான். ஆங்கிலப் பேப்பர்கள், பிசினஸ் பேப்பர்கள், கன்னடத்தில் பிரஜாவாணி, விஜய கர்நாடகா, உதயவாணி, அப்புறம் கணக்கில்லாத வெப்சைட்டுகள். தேடித் தர மென்பொருள் இருக்கிறது. ஆனால் கம்பெனியின் ஆங்கிலப் பெயரைக் கன்னடத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள், மென்பொருள் ஒன்றைப் பிடிக்கும், மற்ற இரண்டை கிளையன்ட்டின் மாமனார் பிடித்து மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "இது ஏன் உங்கள் மெயிலில் இல்லை?" என்று ஒன்பதரைக்கு போன் வரும். அதனால் கன்னடம் பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அல்சூரிலிருந்து இந்திராநகர் மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் நிற்கும் நேரத்தில் போர்டுகளைப் படித்துப் பழகினாலே இரண்டு மாதத்தில் வந்துவிடும்.

அடுத்தது மீடியா லிஸ்ட். யார் எந்தப் பேப்பர், எந்த பீட் (எந்தத் துறைச் செய்தி எழுதுகிறார்), எந்த நம்பர் என்று ஒரு எக்செல் தாள். எல்லா ஏஜென்சியிலும் இது இருக்கும், எல்லா ஏஜென்சியிலும் இதில் பாதி காலாவதி ஆகியிருக்கும். நிருபர்கள் வேலை மாறிக்கொண்டே இருப்பார்கள், ரியல் எஸ்டேட் எழுதியவர் திடீரென்று கல்விக்குப் போயிருப்பார். அந்தத் தாளைச் சுத்தம் செய்யச் சொன்னால் எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், அவர் கடைசியாக எழுதிய மூன்று செய்திகள் என்ன என்று ஒரு கட்டம் சேர்த்து நிரப்புங்கள். நான் டிரெய்னியாக இருந்தபோது அப்படி ஒரு தாள் போட்டேன், அடுத்த வேலைக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போகவில்லை, அது கம்பெனி சொத்து, ஆனால் அதிலிருந்த ஆட்கள் எல்லாம் தலைக்குள் இருந்தார்கள்.

இப்போது போன். பத்தில் ஒன்பது புதுப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி: "மெயில் அனுப்பியிருந்தேன், பார்த்தீர்களா?" அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மெயில் வருகிறது. பார்க்கவில்லை என்று சொல்லி வைத்துவிடுவார். நீங்கள் அன்று முழுக்க அழுவீர்கள். நானும் அழுதிருக்கிறேன், கன்னிங்ஹாம் ரோடு ஆபீஸ் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால். பயம் கூச்சத்தால் மட்டும் வருவதில்லை, கையில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போன் எடுத்தால் யாருக்குமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதே போனை இப்படி எடுத்துப் பாருங்கள்: "சார், போன வாரம் டேங்கர் தண்ணீர் விலை பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் கிளையன்ட் பெல்லந்தூரில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைத்திருக்கிறார்கள். மீட்டருக்கு முன்னால், பின்னால் ஆறு மாதக் கணக்கு இருக்கிறது, குடியிருப்பு சங்கச் செயலாளரும் பேசத் தயார். அனுப்பட்டுமா?" பதினைந்து இருபது வினாடி. பிடித்தால் அனுப்பு என்பார், பிடிக்காவிட்டால் இப்போது வேண்டாம் என்பார், இரண்டிலும் அழ ஒன்றுமில்லை. முதல் மாதம் இந்த நாலு வரியை எழுதி வைத்துக்கொண்டே பேசுங்கள். நான் இப்போதும் எழுதித்தான் பேசுகிறேன்.

ஸ்டார்ட்அப் கிளையன்ட் என்றால் பாதி நேரம் ஃபண்டிங் செய்திதான். இவ்வளவு கோடி முதலீடு வாங்கினோம் என்று ஒரு பக்கம் பிரஸ் நோட். அந்த ஒரு பக்கத்துக்கு நிறுவனர், முதலீடு செய்தவர்கள், அவர்களுடைய வக்கீல் என்று எல்லோரும் ஒப்புதல் கொடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரு வார்த்தை மாற்றுவார்கள். என் இரண்டாவது வருடத்தில் அப்படி ஆறாவது முறை திருத்தி வந்த கோப்பை ராத்திரி பதினொன்றரைக்கு அப்படியே நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டேன். வேர்டு கோப்பு. ஓரத்தில் கமென்ட்டுகள் அப்படியே இருந்தன. வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு எதிரில் நிறுவனர் எழுதியிருந்தார்: "இது டவுன்லோடு கணக்கா, நிஜமாகப் பயன்படுத்துபவர்கள் கணக்கா? யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது." காலையில் ஒரு நிருபர் சரியாக அதையே கேட்டார். வேலை போகவில்லை, கிளையன்ட் போனார். அன்றிலிருந்து பிடிஎஃப் ஆக்கி, எனக்கே ஒரு தரம் அனுப்பி, போனில் திறந்து பார்த்த பிறகுதான் வெளியே போகும். ஆனால் அந்தக் கமென்ட்டை நான் மூன்று நாள் முன்பே படித்திருந்தேன், படித்தும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டேன். அதுதான் என் நிஜமான தப்பு, கோப்பு அனுப்பியது இரண்டாவதுதான்.

சேருங்கள் என்பதுதான் என் கட்சி. பதினான்கு பேர் கம்பெனியில் மூன்றாவது மாதமே கிளையன்ட் மீட்டிங்கில் உட்கார வைப்பார்கள், பெரிய ஏஜென்சியில் அதற்கு ஒன்றரை வருடம் ஆகும்.

சில்க்போர்டு_சிக்னல்:

எல்லாம் சரி அக்கா, 22 ஆயிரத்தை யாரும் பேசவில்லையே. சித்தி வீடு இருக்கும் வரை ஓடும். பிஜியில் ரெண்டு பேர் ரூமுக்குப் போனால் பத்தாயிரம் போய்விடும், மீதியில் சாப்பாடு, ரீசார்ஜ், ஊருக்கு பஸ். நான் இதே வேலையில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு ஐடி கம்பெனியில் டெக்னிக்கல் ரைட்டராகப் போனேன், நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி அன்றும் கிளையன்ட் வாட்ஸ்அப் வரும், தெரிந்துகொண்டு சேருங்கள்.

இன்னொன்று. ஆஃபர் லெட்டரை முழுசாகப் படியுங்கள். டிரெய்னி காலத்தில் விட்டுப் போனால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்டு இருக்கிறதா, நோட்டீஸ் காலம் எவ்வளவு, ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்களா. ஒரிஜினலைக் கேட்டால் வாசலோடு திரும்பி வந்துவிடுங்கள். ஆறு மாதம் முடிந்தால் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். எனக்கு வாயில் சொன்னார்கள், ஒன்பதாவது மாதம் வரை வாயிலேயே இருந்தது.

நாலாம்_பக்கம்:

அக்கா கூப்பிட்டதால் வந்தேன். மறுமுனையில் இருப்பவன், ஆங்கிலப் பேப்பரில் பிசினஸ் டெஸ்க், அதற்கு முன் ஆறு வருடம் தமிழ்ப் பேப்பரில் இதே ஊரில்.

கவர் விஷயம். இல்லவே இல்லை என்று சொன்னால் உங்கள் சித்தப்பா சிரிப்பார், எனக்கும் பொய் சொன்ன பாவம். பிரஸ் மீட்டில் பைக்குள் வைத்துத் தந்ததைப் பார்த்திருக்கிறேன், வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். 2009 தேர்தலுக்குப் பிறகு காசுக்குச் செய்தி என்று பெரிய ரகளையாகி பிரஸ் கவுன்சிலே அதைப் பற்றி அறிக்கை தயாரித்தது. ஆனால் நீங்கள் போகிற பக்கம், ஸ்டார்ட்அப், டெக்னாலஜி பீட்டில், கவர் கொடுத்தால் உங்களுக்குத்தான் அசிங்கம். யாராவது உங்களிடம் கொடுத்தனுப்பினால், அன்றே வேறு வேலை தேடலாம். காசு கொடுத்துப் போடுவது தனியாக இருக்கிறது, அதற்கு விளம்பரச் சிறப்புப் பக்கம் என்று பெயர், மேலே சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதை விற்பதும் எங்கள் விளம்பரப் பிரிவு, நிருபர் இல்லை. இந்த இரண்டையும் குழப்பி "ஒரு ஆர்ட்டிகிளுக்கு எவ்வளவு சார்?" என்று என்னிடமே கேட்ட டிரெய்னிகள் உண்டு. நீங்கள் கேட்காதீர்கள்.

எப்போது கூப்பிட வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை போல. எங்களுக்குக் காலையில் மீட்டிங், இன்று என்ன தருகிறாய் என்று எடிட்டர் கேட்பார். அதற்கு முன்னால் வந்த நல்ல விஷயம் அந்தப் பட்டியலில் ஏறும். மீட்டிங் முடிந்து மதியச் சாப்பாடு வரை பேசலாம். சாயங்காலம் ஐந்துக்கு மேல் எழுதிக்கொண்டிருப்போம், ஏழு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏழேகாலுக்கு போன் செய்து "சார், எங்கள் கிளையன்ட் ஆபீஸில் யோகா தினம் கொண்டாடினார்கள், போட்டோ அனுப்பியிருக்கிறேன்" என்றால் நான் மனிதனாக நடந்துகொள்ள மாட்டேன். அது உங்கள் மேல் கோபம் இல்லை, மறுநாள் எனக்கு ஞாபகம்கூட இருக்காது.

எம்பார்கோ பற்றி ஒன்று. இந்தத் தேதி இத்தனை மணிக்கு முன்னால் போடாதீர்கள் என்று சொல்லி முன்கூட்டியே அனுப்புவது. நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது என்னைக் கட்டுப்படுத்தும். கேட்காமலே மெயில் தலைப்பில் எம்பார்கோ என்று எழுதி அனுப்பிவிட்டு, வேறு யாரோ முதலில் போட்டதும் அழுவது நியாயமில்லை. அதைவிட மோசம், எக்ஸ்க்ளூசிவ், உங்களுக்கு மட்டும்தான் என்று என்னிடம் கொடுத்துவிட்டு அதையே இன்னும் இரண்டு பேரிடமும் கொடுப்பது. ஒரு தரம்தான் செய்ய முடியும். இந்த ஊரில் பிசினஸ் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே பிரஸ் மீட்டில் ஒரே சமோசாவைத் தின்கிறவர்கள், சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிடும்.

ஃபண்டிங் செய்தியில் எண்ணை ஊதிப் பெருக்கி எழுதாதீர்கள். கம்பெனி யாருக்கு எத்தனை பங்கு கொடுத்தது என்று கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் படிவம் எங்களுக்கும் கிடைக்கும், சில நூறு ரூபாய் செலவு. நோட்டில் ஒன்று, படிவத்தில் ஒன்று என்றால் அந்தச் செய்தியே வேறு செய்தியாகிவிடும்.

தமிழ் தெரிவதைக் குறைவாக நினைக்காதீர்கள். தமிழ்ப் பேப்பரில் இருந்தபோது ஏஜென்சிகள் ஆங்கில நோட்டை யாரிடமோ கொடுத்து மொழிபெயர்த்து அனுப்புவார்கள். ஒரு தரம் ஒரு செயலிக் கம்பெனி தன் ஆரம்பகட்ட முதலீட்டை, ஆங்கிலத்தில் சீட் ஃபண்டிங் என்பதை, "விதை நிதி பெற்றது" என்று அனுப்பியிருந்தது. டெஸ்க்கில் இருந்த பெரியவர் அதை விவசாயப் பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டார், நெல் விதையா காய்கறி விதையா என்று கேட்டு எழுதச் சொல்லி என்னிடம் வந்தது. தினத்தந்திக்கு பெங்களூரு பதிப்பே இருக்கிறது, ஓசூர், கோலார் தங்கவயல் வரை தமிழ் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே செய்தியைத் தமிழில் தமிழாக எழுதித் தருகிற ஆள் உங்கள் ஏஜென்சியில் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அது உங்கள் இடம்.

ஒயிட்ஃபீல்டு_வாசி:

நான் கம்பெனி பக்கம். ஐந்து வருடம் ஏஜென்சி, இப்போது பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு உற்பத்திக் கம்பெனியில் கார்ப்பரேட் கம்யூனிகேஷன். பொறுத்திருந்து நேராக இங்கே வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம், ஆனால் எங்கள் டீமே நான்கு பேர், புதிதாக ஆள் எடுத்தால் ஏஜென்சியில் இரண்டு மூன்று வருடம் அடிபட்டவர்களைத்தான் எடுக்கிறோம். ஏஜென்சியில் ஒரே நேரத்தில் ஐந்து கிளையன்ட், இங்கே ஒரே கம்பெனி. ஆரம்பத்தில் ஐந்து இருப்பதுதான் நல்லது, எந்தத் துறை பிடிக்கிறது என்று தெரியும்.

டிப்ளமோ பற்றி. டெல்லி ஐஐஎம்சியில் விளம்பரத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் சேர்த்து முதுநிலை டிப்ளமோ உண்டு, மும்பையில் சேவியர் கம்யூனிகேஷன் இன்ஸ்டிடியூட்டில் உண்டு. அந்த மாதிரி இடங்களில் கிடைத்தால் தாராளமாகப் போங்கள், பாடத்தைவிட கூடப் படிப்பவர்களும் வேலைவாய்ப்பும் முக்கியம். மூன்று மாதச் சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் கேட்கிற இடங்களுக்கு, கையில் வேலை இருக்கும்போது, கடன் வாங்கிப் போகாதீர்கள். என் பிளாட் ஓனர் பையன் போனான், திரும்பி வந்து அதே 22 ஆயிரத்தில் சேர்ந்தான், இஎம்ஐ தனி.

அக்கா சொல்லாமல் விட்ட ஒன்று: வாயைக் கட்டுவது. உங்கள் ஏஜென்சிக்கு லிஸ்டட் கம்பெனி, அதாவது பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி, கிளையன்ட்டாக இருந்தால், காலாண்டு முடிவு வெளிவருவதற்கு முன்பே நோட்டின் வரைவு உங்கள் கையில் இருக்கும். அது வெளிவராத, பங்கு விலையைப் பாதிக்கும் தகவல். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 விதிமுறைகள்படி அப்படித் தகவல் கொடுக்கப்பட்டவர்கள் யார் யார் என்று கம்பெனி ஒரு பதிவேடு வைக்க வேண்டும், அதில் ஆளின் பேன் நம்பரும் ஏறும். எங்கள் ஏஜென்சி டிரெய்னி ஒருவரிடம் பேன் கேட்டபோது சம்பளத்துக்கு என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பங்கை நீங்களும் வாங்கக் கூடாது, உங்கள் அண்ணனிடமும் சொல்லக் கூடாது, சாப்பாட்டு மேசையில் "எங்கள் கிளையன்ட் இந்தத் தரம் சூப்பர்" என்றுகூடச் சொல்லக் கூடாது. முடிவுகள் முதலில் பங்குச்சந்தைக்குப் போக வேண்டும், அதன் பிறகுதான் பத்திரிகைகளுக்கு. ஐந்து நிமிடம் முந்தி அனுப்பிவிட்டாலும் சிக்கல்தான்.

கிளிப்பிங் அளக்கும் கூத்தையும் பார்ப்பீர்கள். வந்த செய்தி எத்தனை சதுர சென்டிமீட்டர், அதே இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகும், ஆகவே இந்த மாதம் இத்தனை லட்சம் "சம்பாதித்துக் கொடுத்தோம்" என்று ஒரு கணக்கு. நான் சேர்ந்தபோது பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து நிஜமாகவே அளந்தேன், படத்தைச் சேர்க்கலாமா கூடாதா என்று சீனியரோடு சண்டை. 2010இல் பார்சிலோனாவில் கூடிய தொடர்பியல் அளவீட்டுக்காரர்கள் இந்த விளம்பரக் கணக்கு செய்தித் தொடர்பின் மதிப்பாகாது என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள். இருந்தும் எங்கள் ஃபைனான்ஸ் தலைவர் வருடா வருடம் அதையேதான் கேட்கிறார். உங்களிடம் கேட்டால் போட்டுக் கொடுங்கள், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, அந்தச் செய்திக்குப் பிறகு எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கு விண்ணப்பித்தார்கள் என்று கேட்டு வாங்கி ஒரு வரி சேருங்கள்.

நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். 2015 மே கடைசி, ஜூன் முதல் வாரப் பேப்பர்களைத் தேடி மேகி விவகாரத்தை நாள் வாரியாகப் படியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் ஈயம் அதிகம் என்று ஆய்வகம் சொல்ல, ஒவ்வொரு மாநிலமாகத் தடை போட, ஜூன் 5 அன்று மேகி தயாரிக்கும் நெஸ்லேயின் உலகத் தலைவரே டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார், அதே நாள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 13 அன்று பாம்பே உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, நவம்பரில் பாக்கெட் கடைக்குத் திரும்பியது. கோர்ட்டில் ஜெயித்த கம்பெனிதான். ஆனால் அந்த முதல் பத்து நாளில் வீட்டு அம்மாக்களுக்கு யார் என்ன பதில் சொன்னார்கள், எது அறிக்கையாக மட்டும் வந்தது, யாருடைய முகம் எப்போது வந்தது என்று குறித்துக்கொண்டே படியுங்கள். என் இன்டர்வியூக்களில் நான் கேட்கிற ஒரே கேள்வி அதுதான், உங்களுக்கு இலவசமாகச் சொல்லிவிட்டேன்.

மலைக்கோட்டை_பெண்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. அக்கா, சார் எல்லோருக்கும் நன்றி. சில்க்போர்டு அண்ணா சொன்ன பிறகு ஆஃபர் லெட்டரை மறுபடி படித்தேன். பாண்டு இல்லை, ஒரிஜினல் கேட்கவில்லை. நோட்டீஸ் காலம் இரண்டு மாதம் என்று இருக்கிறது, ஆறு மாதத்துக்குப் பிறகு சம்பளம் "செயல்திறனைப் பொறுத்து" என்று மட்டும் இருக்கிறது. அதைக் கேட்கலாமா, கேட்டால் தப்பாக நினைப்பார்களா? மெயிலில் கேட்கட்டுமா?

அப்புறம் கன்னடப் பேப்பர் நிருபர்களுக்கு போன் செய்தால் எந்த மொழியில் தொடங்குவது? எனக்குத் தெரிந்தது "கன்னட கொத்தில்லா" மட்டும்தான்.

கிளிப்பிங்_அக்கா:

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறந்துவிடுங்கள், இந்த ஊரில் அதைப் போல் கதவைச் சாத்துகிற வாக்கியம் கிடையாது. "நமஸ்கார சார், ஈக மாத்தாடபஹுதா?" என்று தொடங்குங்கள், இப்போது பேசலாமா என்று அர்த்தம். உச்சரிப்பிலேயே தமிழ் என்று கண்டுபிடித்து அவரே ஆங்கிலத்துக்கோ, பாதி பேர் தமிழுக்கோ மாறிவிடுவார்கள். முதல் வரியை அவர் மொழியில் கேட்டதற்கு உங்களுக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்கும்.

சம்பளத்தைக் கட்டாயம் கேளுங்கள். மெயிலில் வேண்டாம், போனில். எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, பேசியதை மெயிலாக எழுதி உறுதி செய்யச் சொல்லுங்கள்.

நாலாம்_பக்கம்:

காலை பதினொன்றரைக்குக் கூப்பிடுங்கள். ஏழேகாலுக்கு வேண்டாம்.

மலைக்கோட்டை_பெண்:

பேசிவிட்டேன். சனிக்கிழமை பதினொன்று முப்பத்தைந்துக்கு, சித்தி வீட்டு பால்கனியில். நாலு வரி எழுதி வைத்திருந்தேன், மூன்றாவது வரியில் அவர்களே குறுக்கிட்டு பதில் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு 27 ஆயிரம், நோட்டீஸ் ஒரு மாதமாகக் குறைக்கிறோம், மெயிலில் போடுகிறோம் என்றார்கள். ராத்திரி மெயில் வந்தது. மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது வினாடி, போனில் காட்டியது. சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து யாரிடம் பேசுகிறாய் என்று இரண்டு தரம் கேட்டார்.

தமிழில் எழுத ஆள் இருக்கிறார்களா என்றும் கேட்டேன். இல்லையாம், இதுவரை வெளியே கொடுத்து வாங்குகிறார்களாம். ஒரு பழைய நோட்டை அனுப்பி, முடிந்தால் தமிழில் எழுதிப் பாருங்கள் என்றார்கள். அதிலும் "விதை நிதி" இருந்தது, சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை சேர்கிறேன். முதல் வாரம் டிராக்கர்தான், அக்கா சொன்ன மாதிரியே. சித்தி வீட்டில் தினத்தந்தி மட்டும்தான் வாங்குகிறார்கள். இன்று காலை பேப்பர் போடுகிற பையனை மாடிப்படியிலேயே பிடித்து, நாளையிலிருந்து டெக்கான் ஹெரால்டும் பிரஜாவாணியும் சேர்த்துப் போடச் சொன்னேன். "ஈக மாத்தாடபஹுதா" என்றுதான் தொடங்கினேன். அவன் ஆம்பூராம்.